பல்லுக்கு ஒரு நியாயம், தலைமுடிக்கு ஒரு நியாயம்

"இந்த வயசுல டீச்சரு பல்லுக்குக் கிளிப்பு மாட்டி யாருக்குக் காட்டப் போறாக?"

சில மாதங்களாக இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. எல்லோரும் கேட்டார்கள். கடைசியாகக் கேட்டது போன ஞாயிற்றுக்கிழமை, நாச்சியாபுரத்தில், ஒரு பந்தலின் கீழ். அன்றைக்கு நடந்ததை உங்களிடம் கொட்டினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

டீச்சர் என்றது என் அக்காவை. பெயர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்தைந்து. கணக்கு டீச்சர். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். கீழ்வரிசையில் இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் பற்கள். சிரிப்பு வந்தால் அக்காவின் கை தானாக வாய்க்குப் போய்விடும். வகுப்பில் சிரித்தால் மூக்கு நுனியில் சாக்பீஸ் பொடி. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க, அக்கா மறுபடியும் வாயைப் பொத்த... இப்படியே சர்வீஸ் முடியப் போகிறது.

அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்றுதான் நினைப்பார்கள். ஒரு படத்தில்கூடச் சிரிப்பு இல்லை. காரணம் மாப்பிள்ளை அல்ல. "வாயை மூடிக்கம்மா, பல்லு தெரியுது" என்று அன்றைக்குப் படம் எடுத்தவர் சொல்லிவிட்டாராம். மணவறையில்! அத்தனை பேர் முன்னால்! அன்றைக்கு மூடிய வாய்தான்.

இந்த வருஷம் அத்தானுக்கு — அக்காவின் கணவருக்கு — அறுபது வந்தது. அறுபதாம் கல்யாணம். மறுபடி மாலை, மறுபடி தாலி, மறுபடி ஆல்பம். அக்கா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையாச்சும் ஒரு படத்துல வாயத் தெறந்து சிரிக்கணும்டி."

இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

கம்பி கட்டினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் அலைனர் பற்றி விசாரித்தாள். கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் உறை. பல்லின் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை அடுத்த உறை. ஒவ்வொன்றும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். எதிரில் நிற்பவருக்குச் சட்டென்று தெரியாது.

வீட்டில் சொன்னாள். அவ்வளவுதான்!

"ஏத்தா, பேரன் பேத்தி எடுக்குற வயசுல கிளிப்பா? கடையில எல்லாரும் என்னையக் கேலி பண்ணுவாய்ங்க" என்றார் அத்தான். உரக்கடைக்காரர். அக்கா பல்லுக்கும் யூரியா வாங்க வருகிறவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அத்தானின் அக்கா, அதாவது நாத்தனார், ஒரு படி மேலே போனார். "தெத்துப்பல்லு ராசிடி மங்கை. அதை நேராக்குனா வீட்டுக்கு ஆகாது. இனிமே யாருக்குக் காட்டப் போற?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? விசேஷத்துக்காகச் சுவருக்குப் பெயின்ட். தரைக்குப் பாலிஷ். வாசல் கேட்டுக்குக்கூடப் புது வர்ணம். அத்தானுக்குப் பட்டு வேட்டி. அத்தானின் தலைக்கும் மீசைக்கும் மாதம் இரண்டு முறை டை! அறுபது வயதில் யாருக்குக் காட்ட இந்தக் கறுப்பு என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம், அக்காவின் வாய்க்கு மட்டும் வயதாகிவிட்டதா?

எனக்கு ரத்தம் கொதித்தது. "கெளம்புக்கா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

போன முதல் இடம் தப்பான இடம். நூறடி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் குடை நட்டு, 'இலவச ஸ்மைல் ஸ்கேன்' என்று போர்டு வைத்திருந்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு பெண் அக்காவைப் போட்டோ எடுத்தாள். அடுத்த நிமிஷம் டேப்லெட்டில் அக்காவின் முகம். வாய் நிறைய வரிசையான, வெள்ளை வெளேரென்ற பற்கள்.

"பாருங்க மேம், இதுதான் நீங்க! ஆறே மாசம்!"

அக்கா என் காதில், "யாருடி இவ?" என்றாள்.

"டாக்டர் எங்க உக்காருவாக?" என்று நான் கேட்டேன்.

"டாக்டர் ஆன்லைன்ல மேம். நீங்க எங்கயும் அலைய வேண்டாம். பாக்ஸ் வீட்டுக்கே வந்துடும்."

"பல்லு விளக்குனா ஈறுல ரத்தம் வருதேம்மா" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல மேம்!"

பிரச்சனையே இல்லையாம்! ஒரு ஜாக்கெட் தைக்கவே நம்ம ஊர் டெய்லர் இரண்டு தடவை அளவு எடுக்கிறார். இங்கே வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் எலும்பில் ஊன்றிய பல்லை நகர்த்துகிறார்களாம். வீட்டில் இருப்பவர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். வெளியில் இருப்பவர்கள் இப்போதே கையெழுத்துப் போடு என்கிறார்கள். நடுவில் இருக்கும் மனுஷியை யாராவது பார்க்கிறார்களா?

ஒருவர் பார்த்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர். பெண். அக்காவைச் சாய்த்து உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, ஈறை லேசாக அழுத்தினார். ரத்தம்.

"முதல்ல இதைச் சரி பண்ணணும் டீச்சர். ஈறு சரியில்லாம பல்லைத் தள்ளுனா பல்லே ஆட ஆரம்பிச்சிரும். இடுக்குல சாப்பாடு போய் மாட்டுறதாலதான் இந்த ரத்தமே. நேரானா சுத்தம் பண்ண லேசா இருக்கும்."

"விசேஷத்துக்குள்ள நேராகிருமா?"

"ஆகாது" என்றார் டாக்டர், பட்டென்று. "ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். சாப்பிடுற நேரம், பல்லு விளக்குற நேரம் தவிர கழட்டவே கூடாது. மாட்டிக்கிட்டுத் தண்ணி மட்டும்தான் குடிக்கலாம், காபி ஆகாது. எல்லாம் முடிஞ்ச பிறகும் ராத்திரியில மாட்டிக்கிட்டுத்தான் படுக்கணும், இல்லாட்டிப் பழைய இடத்துக்கே போயிரும். இதெல்லாம் முடியாதுன்னு தோணுச்சுன்னா, ஈறை மட்டும் சுத்தம் பண்ணிக்கிட்டுப் போங்க. ஒண்ணும் தப்பில்ல."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "யாருக்காகன்னு நீங்க கேக்கலியே டாக்டர்?" என்றாள்.

"வாய் உங்களோடதுதானே?"

எனக்கு அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். விசேஷத்துக்கு ஆகாது என்றால் அப்புறம் எதற்கு? மாடிப்படி இறங்கும்போது அக்கா சொன்னாள்: "விசேஷத்துக்கு இல்லாட்டி என்னடி? அதுக்கப்புறமும் நான் இருப்பேன்ல?"

ஈறு ஆறிய பிறகு அலைனர் வந்தது. அவளுடைய சம்பளம், அவளுடைய வாய். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் நம்ம பக்கத்தில் அலைனர் மாட்டிக்கொண்டு பத்திரிகை வைக்கப் போவது இருக்கிறதே... அப்பப்பா! எந்த வீட்டில் காபி இல்லாமல் அனுப்புகிறார்கள்? வேண்டாம் என்றால், "எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாகளோ?" என்று முகம் சுருங்கிவிடும். குடித்தாலோ கழற்று, குடி, வாயைக் கொப்பளி, பல்லை விளக்கு, மாட்டு. குங்குமச் சிமிழ், பத்திரிகைக் கட்டு, அதோடு டூத் பிரஷ். இதுதான் அக்காவின் கைப்பை. நாலாவது வீட்டோடு அலுத்துப்போய், மாட்டியிருந்த அலைனரைக் காட்டியே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். "டாக்டரு காபி குடிக்கக் கூடாதுன்னுட்டாக." முதலில் திகைத்தவர்கள், அப்புறம் கிட்டே வந்து, "எங்க, காட்டுங்க டீச்சர்" என்று வாய்க்குள் பார்த்தார்கள். நாங்கள் வெளியே வந்ததும் பின்னாலேயே அந்தக் கேள்வி. யாருக்குக் காட்டப் போறாக?

இவ்வளவு பாடுபட்டு இது தேவைதானா என்று என்னைப் போனில் கேட்கப் போகும் என் பத்தியின் வாசகிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோருக்கும் இல்லை. ரொம்பக் கோணலாக இருந்தால் கம்பிதான் கட்ட வேண்டுமாம். கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு மறந்துபோகிற ஆள் என்றால் வாங்கவே வாங்காதீர்கள், காசுக்குப் பிடித்த கேடு. வாய்க்குள் பார்க்காத எவரிடமும் போகாதீர்கள். ஆனால் இந்த வயசுலயா என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஹோமம் முடிந்து, அக்காவையும் அத்தானையும் பலகையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, கலசத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். அக்காவின் இரண்டு கையிலும் ஐயர் கொடுத்த தேங்காயும் வெற்றிலையும். முதல் குடம் நாத்தனார் ஊற்றினார். இரண்டாவது குடத்தில் அத்தானின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அப்புறம் காதோரம். அப்புறம் மீசையிலிருந்து. விடியற்காலை அவசரத்தில் டையைப் பூசி, அரைகுறையாக அலசிவிட்டு வந்திருக்கிறார் மனிதர்! ஊற்ற ஊற்ற, மார்பில் போட்டிருந்த வெள்ளைத் துண்டெல்லாம் கறுப்பு.

"என்னங்க, கரைஞ்சு ஓடுறீக!" என்றாள் அக்கா.

பந்தலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வாயைப் பொத்தக் கை இல்லை. தெத்துப்பல், ஏறிய பல், அதன் மேல் மினுங்கும் பிளாஸ்டிக் எல்லாம் தெரியக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேமராக்காரர் ஓடிவந்து படத்தைக் காட்டினார். "சூப்பரா வந்திருக்கும்மா. பல்லை மட்டும் கம்ப்யூட்டர்ல நேராக்கிரவா?"

"நீங்க ஒண்ணும் நேராக்க வேணாம். அதுக்கு டாக்டரு இருக்காக. படத்தை அப்படியே போடுங்க."

நாத்தனாரும் எட்டிப் பார்த்தார். "அடி ஆத்தி, கோணப்பல்லோடயே எம்புட்டு அழகா இருக்க! இதை விட்டுப்புட்டு யாருக்குக் காட்ட இந்தப் பிளாஸ்டிக்கு?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு அழகுன்னு சொல்றீக மதினி. முப்பது வருசமா ஒருத்தராச்சும் சொன்னீகளா? சொல்லியிருந்தா நான் எதுக்குக் கையை வாயில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்?"

பந்தியில் இலை போட்டார்கள். அக்கா அலைனரைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். திருப்தியாகச் சாப்பிட்டாள். எழுந்து போய்ப் பல் விளக்கி, மறுபடி மாட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தான் மறுநாள் காலையிலேயே திரும்ப டை அடித்துக்கொண்டார். யாருக்குக் காட்டப் போறீக என்று இந்த நிமிஷம் வரை ஒருவரும் கேட்கவில்லை!