நல்லமுத்துவின் தவலை

“அடியே! அடுத்தவங்க போஞ்சிக்கொடியில வாயை வச்சீன்னா கெட்ட பேரு உனக்கில்ல, செல்லசாமிக்கு!”

இப்படி ஆட்டை அதட்டிக்கொண்டேதான் அம்மாக்கண்ணு மத்தியானச் சோற்றுக்கு மலையிலிருந்து இறங்கி வருவாள். முதுகில் வெறுங்கூடை, இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குத் துணி, வாயில் வெற்றிலை. ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்தப் பழைய லயத்தில் நாலாவது காம்பரா, ஒற்றை அறை, அவளுடையது. லயத்து வாசல்கள் எல்லாமே தாழ்வு. பிள்ளையோடு நுழைகிற தாய்மார் அதன் உச்சந்தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் குனிவார்கள்.

ஆடு இளைய மகன் செல்லசாமியுடையது. பட்டியில் நிற்கிற சிவப்பு மாடு மகள் பாக்கியத்துடையது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அதற்குச் சொந்தக்காரர் ஒரு பிள்ளைதான். எல்லாம் புள்ளைக்காசு செய்த வேலை. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்குத் தோட்டம் கொடுக்கிற பணம் அது. அதையும் அவள் கையிலேயே கொடுக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். அம்மாக்கண்ணு பன்னிரண்டு வயதில் கொழுந்துக்கூடையை மாட்டியவள். தன் கூலியைத் தன் கையால் வாங்கியதே கிடையாது. சம்பள நாளில் அவள் பெயரைக் கூப்பிட்டால் அப்பன் போய் நிற்பான். கல்யாணமான பிறகு புருஷன் சோலைமலை போய் நின்றான். முதல் பிள்ளை வீரய்யா பிறந்தபோது புள்ளைக்காசுக்கும் அவனே போனான். பெரிய கிளாக்கர் அமிர்தநாதன் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பெத்தது யாரு, நீயா? அவளைப் புள்ளையோட வரச் சொல்லுடா!”

ஆபீசே சிரித்தது. அம்மாக்கண்ணு பிள்ளையோடு போய்க் கைநாட்டு வைத்து வாங்கினாள். வாங்கி என்ன செய்வது! பழக்க தோஷம், படி இறங்கியதும் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவன் நுவரெலியாவிலிருந்து ஒரு பழைய கறுப்புக் கோட்டோடு வந்து நின்றான், பெரிய கங்காணி மாதிரி. பிரசவ வலிக்குக்கூட அவள் அப்படி அழுததில்லையாம். அது நாற்பத்தொன்பதாம் வருஷம். இன்றும் அவன் அந்தக் கோட்டை மாட்டினால் போதும், “வீரய்யா கோட்டு பத்திரம். கறை பட்டா அவன் கேப்பான்” என்பாள். வீரய்யாவுக்கு இப்போது பதினைந்து வயது. அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் ஏமாறவில்லை. பாக்கியத்தின் காசு கன்றுக்குட்டியாயிற்று. பால் தேத்தண்ணிக் கடைக்குப் போனது, எரு மரக்கறித் தோட்டத்துக்குப் போனது, வீரய்யாவுக்குச் சிலேட்டு வந்தது. செல்லசாமியின் காசு ஆடாயிற்று. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் அவள் முகம் மலர்ந்துவிடும். “மூணு புள்ளைக, ஒரு மாடு, ஒரு ஆடு, ஒரு கோட்டு. ராசாத்தி கணக்கா இருந்தேன், போங்க!”

ஐம்பத்தாறில் நாலாவது பிறந்தான். மார்கழிப் பனி. ஒன்பது நாள் இருந்தான், போய்விட்டான். ஒழுகுகிற மண்சட்டியில் காய்ச்சிய வெந்நீர் பிள்ளையின் குளிரை விரட்டப் போதவில்லை என்பது அவள் நினைப்பு. டாக்டர் வேறு ஏதோ சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புள்ளைக்காசு வாங்க ஆபீசில் கூப்பிட்டார்கள். பிள்ளையோடு போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போய் நின்றாள். அமிர்தநாதன் ஐயா மைக்கூட்டின் மூடியைத் திருகித் திருகி வைத்துக்கொண்டிருந்தார். யாரையும் நீ, வா, போ என்கிற மனிதர் அன்றைக்கு மட்டும், “புள்ளை பேரு எழுதணும்மா. வச்சிட்டீங்களா?” என்றார்.

வைக்கவில்லை. முப்பதாம் நாள் வைக்கலாம் என்றிருந்தார்கள்.

“நல்லமுத்து, ஐயா.”

வயிற்றில் இருக்கும்போதே அவள் மனசுக்குள் நினைத்து வைத்திருந்த பெயர். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே நின்ற சோலைமலைக்குக் கண் கலங்கியிருந்தது. “செத்த புள்ளைக் காசு நமக்கு ஆகாது, புள்ள. மாரியம்மன் உண்டியல்ல போட்டுருவோம்” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். லயமே அதைத்தான் சொன்னது.

“மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு இருக்கு. இவனுக்கு மட்டும் ஒண்ணும் வேணாமா? ஒம்பது நாளு எம் மடியில கெடந்தது யாருங்க?”



ஞாயிற்றுக்கிழமை ராகலைக்கு நடந்தே போய், பாத்திரக் கடையில் ஒரு செம்புத் தவலை வாங்கினாள். கடைக்காரர் சின்ன உளியை எடுத்துக்கொண்டு யார் பெயரை வெட்ட என்று கேட்டார். சொன்னாள். டொக், டொக் என்று புள்ளி புள்ளியாக விளிம்பில் பெயர் விழுந்தது.

“பையன் என்ன படிக்கிறான்?”

“இன்னும் சின்னப்புள்ளைங்க” என்று சொல்லிவிட்டுத் தவலையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள அவள் அதை வாங்கவில்லை. லயத்தில் எந்தப் பச்சைப்பிள்ளைக்கும் அதில் வெந்நீர் காய வேண்டும், அதுதான் ஆசை. ஆனால் யார் வாங்குவார்கள்! “எழவுக்காசுல வாங்குன ஏனத்துல பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுறதா?” என்று அவள் காதுபடவே பேசினார்கள். இரண்டு பிரசவத்துக்குத் தானே தூக்கிக்கொண்டு போய், வாசலோடு திரும்பி வந்தாள். ஒன்பது மாதம் தவலை மூலையில் கவிழ்ந்தே கிடந்தது. வாரம் தவறாமல் புளி போட்டுத் துலக்குவாள், மறுபடி கவிழ்த்து வைப்பாள். பெற்ற பிள்ளையை ஊரே ஒதுக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அந்த ஒன்பது மாதம் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், ஆறாவது காம்பரா லெட்சுமிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஒரு பிடி கூட இல்லை, உதடெல்லாம் நீலம். மருத்துவம் பார்த்த மீனம்மா கிழவி சுடுதண்ணீர் கேட்ட நேரம் பார்த்து அடுப்பிலிருந்த சட்டி விரிசல் விட்டுவிட்டது.

அம்மாக்கண்ணுவின் அடுப்பில் அப்போது தவலை நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வலி என்று கேட்டதுமே வைத்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் ஆறாவது காம்பரா வாசலில் நின்றுவிட்டாள். கை சுடுகிறது. உள்ளே போகவில்லை.

“லெட்சுமி, கொண்டாரவா வேணாமா? நீயே சொல்லு தாயி.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாயில் கிடந்த லெட்சுமி தலையைத் தூக்கினாள்.

“வரட்டும்க்கா. நல்லமுத்து வரட்டும்.”

அந்தப் பெயரை லயத்தில் இன்னொரு வாய் சொல்லி அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். தவலையை இறக்கி வைத்துவிட்டு, மழையில் நின்று அழுது தீர்த்தாள். அன்று உதடு நீலமாகப் பிறந்தது இப்போது எட்டு வயதில் கொய்யா மரத்தை மொட்டையடிக்கிறது!

அதற்குப் பிறகு தவலை வீட்டில் தங்குவதே அபூர்வம். கீழ் லயம், மேல் லயம், பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போகிறது. போன இடத்தில் அடியில் கரி பிடிக்கும், வரும்போது பளபளக்கும். எந்த வீட்டுக்காரியும் துலக்காமல் திருப்பி அனுப்புவதில்லை. வந்ததும் அம்மாக்கண்ணு முதலில் விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பார்ப்பாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியும்.

தூக்கிக்கொண்டு போவதும் வருவதும் சோலைமலைதான். உண்டியலில் போடச் சொன்னானே, அதே மனிதன். போன வாரம் கீழ் லயத்திலிருந்து தூறலில் வந்தான். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கோட்டைக் கழற்றித் தவலைக்குப் போர்த்தியிருந்தான்.

“வீரய்யா கோட்டு நனைஞ்சு போச்சே” என்றாள் அம்மாக்கண்ணு.

“தம்பிக்குத்தானே போத்துனேன், ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்றான்.

அவள் தவலையை இரண்டு கையாலும் வாங்கினாள். முந்தானையால் உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்தாள். பெருவிரலை விளிம்பில் ஓட்டினாள். பிறகு மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தாழ்ந்த வாசலில் நுழைகிறபோது, ஒரு கையைத் தவலையின் மேல் வைத்துக்கொண்டு குனிந்தாள்.