வாகரையிலிருந்து வந்த கீழ்க்குரல்

கோப்புகளின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்துவைக்கும் சேர்வரிலிருந்து, கேட்ட கோப்பை எடுத்துத் தருகிற நிரல்தொகுப்பொன்றை நான் பராமரிக்கிறேன். மற்ற நிரலாளர்கள் அதைத் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். அது ஒழுங்காக ஓடும்வரை யாரும் எனக்கு எழுதுவதில்லை. உடைந்தால் எல்லோரும் எழுதுகிறார்கள். வாவிக்கரை வீட்டிலிருந்து வேலை என்றதும் கேட்பவர்களுக்குப் பொறாமை. ஜன்னல்தான் வாவியைப் பார்க்கிறது. என் நாற்காலி சுவரைப் பார்க்கிறது.

மனைவி தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறார். கிறிஸ்மஸ் கரோலுக்குக் கீழ்க்குரல், அதாவது பேஸ், பாடுபவர் தூரத்து வாகரைக்காரர். மழையில் பஸ்ஸை நம்பி ஒத்திகைக்கு வரமுடியாது. தன் பகுதியைப் பாடிக் கைபேசியில் பதிந்து அனுப்பினால் மற்றவர்கள் கேட்டுப் பழகுவார்கள். குழுச் செய்தியில் அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும் என்று நான்தான் மூக்கை நுழைத்தேன். அவருடைய பதிவை வாங்கி அந்தச் சேர்வரில் ஏற்றினேன். ஒத்திகைக்கு முதல்நாள் என் தொகுப்பாலேயே அதை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன்.

"இதில ஆர் பாடுறது? தவளையா?" என்றார்.

வெறும் கரகரப்பு. வாகரைக்கு அழைத்து, இன்னொருமுறை அனுப்பக் கேட்டோம். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, திரும்பப் பாட முடியாது.

"இடமில்லையெண்டு போனில இருந்து அழிச்சிட்டன் தம்பி. உங்களிட்டப் பத்திரமா இருக்கெண்டுதானே சொன்னீங்க?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்து முறைத்திருந்தாலாவது பரவாயில்லை.

பிழை என் தொகுப்பில்தான் இருந்தது. நிரலாளர்கள் எழுத்தைத் தவிர வேறென்னத்தைச் சேமிக்கப்போகிறார்கள் என்று, வருகிற கோப்பையெல்லாம் எழுத்தாகவே வாசித்துக் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். எழுத்தாகப் பிடிபடாத பைட்டுகளுக்குப் பதிலாக அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். அவரது பாட்டில் பாதி கேள்விக்குறி.

நல்லகாலம், பழுதானது கையில் வந்த பிரதி மட்டும். என் கெட்டித்தனம் எட்டாத சேர்வரில் மூலம் அப்படியே கிடந்தது. பிரவுசரில் திறந்து நேராக இறக்கினேன். வாகரைக்காரர் பாடினார், பின்னால் மழையும் பாடியது. மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளம் போடத் தொடங்கினார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். இனிக் கோப்பின் உள்ளடக்கம் வந்தபடியே பைட்டுகளாகத்தான் இருக்கும். எழுத்து வேண்டியவர் தனியாகக் கேட்கட்டும். அப்படித் தருகிற புதிய வழியொன்றை எழுதினேன். எல்லாவற்றையும் எழுத்தாக்கும் பழைய வழியை நீக்கினால் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்களெல்லாம் உடையும். ஆகவே, "இதைப் பாவிக்க வேண்டாம்" என்றொரு குறிப்போடு அதையும் விட்டுவைத்தேன்.

மனைவி ஒரு காதை விடுவித்துத் திரையை எட்டிப் பார்த்தார்.

"பிழையெண்டு தெரிஞ்சும் ஏன் வைச்சிருக்கீங்க?"

"அதுக்குப் பழகின ஆக்கள் இருக்காங்க. திடீரெண்டு தூக்க ஏலாது."

"ஓம், ஓம். நானும் உங்கள அப்பிடித்தான் வைச்சிருக்கன்" என்றுவிட்டு, ஹெட்போனைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.