மூன்று கைதட்டும் ஒரு வரியும்

மன்னாரில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு முடிகிற நேரத்தில் அந்தப் பாட்டு வரும். பாலத்தில் போகிற பஸ்ஸை மறித்துத் தன் கதையைச் சொல்லும் ஒரு பெண்ணின் பாட்டு. மூன்றாவது சரணத்தில்,

கடல்காத்துத் தலை கலைக்க
கையிலொரு பெட்டியோட

என்று பாடியதும் குரல் நின்றுவிடும். ஒரு வரி நீளத்துக்குக் கிற்றார் மட்டும் தனியே போகும். பிறகு குரல் திரும்பி வந்து ‘திரும்பி மட்டும் பாக்கமாட்டேன்’ என்று முடிக்கும். குரல் இல்லாத அந்த இடத்தில் எல்லோரும் மூன்று தரம் கைதட்டுவார்கள். யார் தொடக்கிய வழக்கமோ தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த இடம் தெரியும். பாடியவரின் பெயர் ஸ்டெல்லா என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

போன வருடம் ஆவணியில் நகர மண்டபத்தில் ‘அந்தக் கால அக்காமார்’ என்று ஒரு மேடை நிகழ்ச்சி நடந்தது. எழுபதுகளில் பொப் பாட்டுப் பாடிய ஆறு பெண்களை, அவர்கள் உடுத்த உடுப்போடும் கட்டிய கொண்டையோடும் இன்றைய பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுவர வேண்டும். நகரத்தில் கீபோட் வாசிக்கப் படிப்பிக்கும் மில்ரன்தான் அதை நடத்தினார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகக் கையேடு இரண்டு மொழியிலும் வேண்டுமென்றார். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நான் எழுதிக் கொடுத்தேன். ஸ்டெல்லாவின் பக்கத்தில் அந்த இடைவெளியைப் பற்றி, ஒரு கலைஞர் துணிந்து எடுத்துக்கொண்ட மௌனம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் புகழ்ந்திருந்தேன். கையேடு அச்சுக்குப் போய்விட்டது.

உடுப்புத் தைக்க வந்தவர் இராசேஸ்வரி அன்ரி. அறுபத்தைந்து வயது. பள்ளிமுனைக்குப் போகிற வழியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துச் சீவிக்கிறவர். தையல் மெசினை மண்டபத்துக்கே கொண்டுவந்து, மேடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். ஒத்திகையை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஸ்டெல்லாவாகப் பாட இருந்தவள் டிலக்சனா. நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கையில் பளபளக்கும் நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள்.

“அன்ரி, கழுத்து இறுக்குது. நான் பாடுறதோ, மூச்சு விடுறதோ?”

“ரெண்டும் செய்யலாம். ரோல்ஸ் தின்னுறதைக் கொஞ்சம் குறை.”

எல்லோரும் சிரித்தார்கள். டிலக்சனா பாடினாள். அந்த இடம் வந்தது. பாட்டுக்காரர், வாத்தியக்காரர், கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் தட்டினார்கள். பாட்டு முடிந்தபோது மெசின் சத்தம் நின்றிருந்தது.

“அதிலை ஒரு வரி இருக்குது” என்றார் இராசேஸ்வரி அன்ரி.

“எதிலை அன்ரி?” என்று மில்ரன் கேட்டார்.

“நீங்கள் கை தட்டுற இடத்திலை.”

“அது ஸ்டெல்லாவின்ரை ஸ்டைல் அன்ரி. அதுக்காகத்தான் சனம் இந்தப் பாட்டைக் கேக்குது.”

“ஸ்டைல் இல்லைத் தம்பி. பயம். நான்தான் பாடினனான், எனக்குத் தெரியாதோ?”

ட்ரம்ஸ் அடிக்கும் சனூன் குச்சியைத் தூக்கிக் காட்டினான். “அன்ரி ஸ்டெல்லா எண்டா, நான்தான் மன்னார் அரசாங்க அதிபர். வாங்கோ, கையெழுத்து ஏதும் வேணுமோ?”

அன்ரி அவனைப் பார்க்கவில்லை. “தம்பி, உங்களிட்டை இருக்கிற கசற்றிலை பாட்டு முடிஞ்ச உடனை என்ன கேக்கும்?”

மில்ரனின் முகம் மாறியது. கலியாண வீடுகளில் போடும் பாட்டில் முடிவை வெட்டியிருப்பார்கள். முழுவதும் இருந்த ஒரே கசற்றை மன்னாரில் கசற் கடை வைத்திருந்த மீராசாஹிபு, தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது புத்தளத்துக்குக் கொண்டுபோயிருந்தார். மில்ரன் அங்கே போய் அவரிடம் கேட்டு வாங்கியது. எங்கள் யாருக்கும் முடிவுவரை போட்டுக் காட்டியதில்லை.

“கதிரை ஒண்டு விழும். பிறகு ஒரு ஆம்பிளைக் குரல் ‘வா’ எண்டு சொல்லும். அது என்ரை அண்ணன்” என்றார் அன்ரி.

மில்ரன் தன் கைபேசியில் பதிந்து வைத்திருந்ததைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். கதிரை விழுந்தது. ‘வா’ என்றது குரல். சனூன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்றான்.

மில்ரன் மேடையிலிருந்து குதித்து இறங்கினார். “வரியைத் தாங்கோ அன்ரி. டிலக்சனா பாடட்டும். உங்களை மேடைக்குக் கூப்பிட்டு, இவதான் ஸ்டெல்லா எண்டு நானே சொல்லுறன். என்ன வரி?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

வெட்கப்படுகிறார் என்று நினைத்தோம். அன்று அவர் தலைமயிரில் அந்தச் சட்டையின் நீல மினுக்கப் பொட்டுகள் ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் சிரித்து நான் பார்த்த ஒரே நாள் அது.

அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மில்ரன் என்னை, வரியை எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு, அவர் அறைக்கு அனுப்பினார். நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் கதைத்தார்.

அவருடையது முருங்கன் ஊருக்கு அப்பால் வயல்காரக் குடும்பம். பத்தொன்பது வயதில் மன்னார்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. பக்கத்துக் கடலோரக் கிராமமான கீரியில் ஒரு கத்தோலிக்க வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டு மகன் பஸ்ரியன் கிற்றார் வாசிப்பான். அவனும் நண்பர்களும் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். கிணற்றடியில் இவர் பாடியதைக் கேட்டுவிட்டு, கோயில் பெருநாளுக்குப் பாடச் சொன்னான். இராசேஸ்வரி என்ற பெயரை நோட்டீசில் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஸ்டெல்லா என்று போட்டார்கள். சைவப் பிள்ளை ஒருத்தி அந்தப் பெயருக்குள் இருப்பாள் என்று யாரும் தேடமாட்டார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

“எத்தினை தரம் மேடை ஏறினீங்கள்?”

“நாலு. நாலாவதுதான் அது.”

எழுபத்தொன்பதாம் ஆண்டு, கீரியில், பெருநாள் முடிந்த மாலை. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னர் பஸ்ரியன் மூன்றாவது சரணத்தில் அதுவரை முடிக்காமல் விட்டிருந்த ஒரு வரியை எழுதினான். சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். அவர் இரண்டு தரம் வாய்க்குள் பாடிப் பார்த்தார். மேடையில், பெட்டியோட என்று பாடி நிமிர்ந்தபோது, சனத்துக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டியபடி அண்ணன் சிவசுப்பிரமணியம் நின்றார். குரல் நின்றது. பஸ்ரியன் கிற்றாரை நிறுத்தாமல், தலையை ஆட்டிக் கடைசி வரிக்குள் இவரைக் கொண்டுவந்தான். யாரோ ஒருவர் கொண்டுவந்திருந்த ரேப் ரெக்கோடரில் எல்லாம் பதிந்தது.

“அண்ணன் அடிக்கேல்லை. பஸ்ஸிலை முருங்கன் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை. வீட்டை போய் அம்மாவின்ரை தலையிலை என்ரை கையை வைப்பிச்சு, இனிப் பாடமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினவர். ரெண்டு மாதத்திலை கலியாணம்.”

பிறகு நடந்ததை அவர் விரைவாகச் சொன்னார். வயல், இரண்டு பிள்ளைகள், மடு அகதி முகாம், திரும்பி வந்தது, மறுபடியும் மடு. புருசனை வரப்பில் பாம்பு கடித்தது. மகன் இப்போது உயிரோடு இல்லை. மகள் வவுனியாவில். பஸ்ரியன் எண்பத்தைந்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. அண்ணன் அந்த வருடம் மாசியில்தான் செத்தார்.

“அண்ணன் இருக்கும்வரைக்கும் சொல்லேலாது, பிள்ளை. கலியாண வீடுகளிலை அந்தப் பாட்டுப் போடுவாங்கள். சனம் கைதட்டும். அண்ணனும் தட்டுவார். நான் கறிவாளியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போயிடுவன்.”

“வரி, அன்ரி?”

அவர் மெசினின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றினார்.

“வராமல் இருக்குது.”

கலியாணம் கட்டிய புதிதில் அந்த வரி எந்நேரமும் வந்ததாம். உலை வைக்கையில், நாற்று நடுகையில், வாயைத் திறந்தால் வெளியே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்ததாம். சத்தியம் அம்மாவின் தலையில். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். வரி வரத் தொடங்கினால் உடனே சங்கக்கடையில் பாடமாக்கிய பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லுவார். பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு. வரி அடங்கும்வரை சொல்லுவார். வருடக்கணக்காகச் சொன்னார்.

“இப்ப இருந்து யோசிச்சால் வாய்பாடுதான் வருது. பதினாறு, முப்பத்திரண்டு எண்டு அந்த மெட்டிலையே வருது, பிள்ளை.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனேன். கீரிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மேடை இருந்த இடத்தில் இப்போது மதில் இருக்கிறது. அவர் மதிலோடு நின்று முதலிரண்டு வரிகளையும் முணுமுணுப்பார். மூன்றாவதில் உதடு அசையும், சத்தம் வராது. பஸ்ரியன் வீட்டார் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள்.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கையில் மில்ரன் பொறுமையிழந்தார்.

“அன்ரி, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. மெட்டுக்குப் பொருந்தினால் காணும். ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே தம்பி.”

“அப்ப வரி இல்லாமல் பேரை மட்டும் சொல்லுறன். அது போதும்தானே?”

“வரி இல்லாமல் நான் ஏறினால், அண்டைக்கு நிண்ட மாதிரித்தான் நிப்பன். அதுக்கு நான் வேண்டாம்.”

அன்று இரவு என் கொப்பியில் ஒரு வரி எழுதினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொடக்கத்துக்கு ஒன்றைக் கேட்டால், ‘இல்லை, அப்படியில்லை, இப்படி’ என்று சரியானது வந்து விழும் என்று நினைத்தேன். மொழிபெயர்க்கும்போது எனக்கு அப்படித்தான் நடக்கும்; பிழையானதை எழுதினால்தான் சரியானது தெரியும். அடுத்த நாள் அதை அவருக்குப் பாடிக் காட்டினேன்.

கடல்காத்துத் தலை கலைக்க
கையிலொரு பெட்டியோட
அம்மா அழுத சத்தம் கேட்டும்
திரும்பி மட்டும் பாக்கமாட்டேன்

அவர் கையில் வைத்திருந்த துணியை மடித்தார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். பாடினேன்.

“நல்லாயிருக்குது. ஆனா இது அவன் எழுதினது இல்லை.”

“அப்ப அவர் எழுதினது?”

அவர் கண்ணை மூடினார். தெருவில் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது அந்தப் பார்வை என்மீது கோபமாக இருக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுக் கிட்ட வந்துகொண்டு இருந்தது. ரெண்டு நாளாய். விளக்கோ, விளிம்போ, அப்பிடி ஒண்டு. இப்ப அந்த இடத்திலை உன்ரை அம்மா இருந்து அழுகிறா.”

“அன்ரி, நான்…”

“நீ என்ன செய்வாய் பிள்ளை. அந்த இடம் வெறுமையாய் இருந்தது. ஆரும் வந்து இருந்தால் இருக்கலாம்தானே.”

அடுத்த நாள் நான் போனபோது மகளோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்து முடித்து, என் வரியை முழுதாகப் பாடினார். பிழையில்லாமல், மெட்டோடு. பாடிவிட்டு இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வாய்பாடும் இப்போது வருவதில்லை, என் வரிதான் வருகிறது என்றார்.

அந்த வரியை மில்ரனுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. மண்டபம் நிரம்பி, வாசலிலும் சனம். அகலக் காற்சட்டையோடும் உயர்ந்த கொண்டையோடும் ஒவ்வொரு பிள்ளையாக வந்து பாட, முன்வரிசையில் வயதானவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கையேடு எல்லோர் மடியிலும் இருந்தது. நான் மேடைத் திரைக்குப் பின்னால், அறிவிப்புத் தாளோடு நின்றேன். இராசேஸ்வரி அன்ரி எனக்குப் பக்கத்தில் நின்றார். யாருடைய உடுப்பாவது பிரிந்தால் உடனே குத்துவதற்காக, தையல்காரர் வழக்கப்படி நாலைந்து குண்டூசிகளை உதட்டுக்கிடையில் கவ்வியிருந்தார்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் மில்ரன் எங்களிடம் ஓடிவந்தார்.

“அன்ரி, கடைசியாய்க் கேக்கிறன். கூப்பிடட்டோ?”

அவர் தலையை அசைத்து மறுத்தார். மில்ரன் என் தாளைப் பார்த்தார். நான் ஒலிவாங்கியில் எழுதியிருந்தபடி வாசித்தேன். ஸ்டெல்லா. ஊர் தெரியாது. பிறகு என்ன ஆனார் என்று தெரியாது.

டிலக்சனா நன்றாகப் பாடினாள். முதலிரண்டு சரணமும் சனம் கூடவே பாடியது. மூன்றாவது சரணம் தொடங்கியபோது அன்ரி உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குள் வைத்தார். முதுகு நிமிர்ந்தது. பெட்டியோட என்று டிலக்சனா நிறுத்தினாள். கிற்றார் தனியே போனது. அன்ரியின் வாய் திறந்தது. எந்த வரி வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தில் தெரிந்தது. அவர் அதைப் பாடவில்லை.

மண்டபம் முழுவதும் மூன்று தரம் கைதட்டியது.

அவர் குண்டூசிகளைத் திரும்ப உதட்டுக்கிடையில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து சனம் எழுந்து நின்று ஆரவாரம் செய்ய, டிலக்சனா வியர்வையோடு உள்ளே ஓடிவந்து, “எப்பிடி அன்ரி, எப்பிடி?” என்று கேட்டாள். அவர் அவளைத் திருப்பி நிறுத்தி, கழுத்துக்குப் பின்னால் கொழுக்கியைக் கழற்றினார். அது இறுக்கியிருந்த இடம் சிவந்திருந்தது. அதைப் பெருவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டார்.