கழற்றிப்போட்ட ஏழு எஞ்சின்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தபோது என் ஷெட் தரையில் ஏழு எஞ்சின்கள் பிரிந்து கிடந்தன. அது 2008. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு, எங்கள் பேச்சில் போட்டுகளுக்கு, டீசல் எஞ்சின் வேலை பார்த்துவந்தேன். படிப்பு எட்டாவது; தொழில் கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வருஷத்தில் நாற்பத்தைந்து நாள் போட்டுகளைக் கடலுக்குள் விடமாட்டார்கள். எங்களுக்கு அதுதான் சீசன். முதல் வாரம் யார் வந்தாலும் உடனே ஸ்பானரை எடுத்து எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிடுவேன். பிரித்துப்போட்ட எஞ்சினை யாரும் வேறு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேலை ஆரம்பித்துவிட்டது என்று அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. பிறகு டீ குடிக்கப் போவேன். அந்த டீ நாற்பது நாள் நீளும்.

அவசரப்படுத்தினால் பழமொழி தயார். "பதறாத காரியம் சிதறாது மாமா" என்பேன். பாதிப் பேர் அதற்கே தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

தனலட்சுமி அக்கா போகவில்லை. புருஷன் இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட, இருந்த ஒரே போட்டை அவர்தான் நடத்தினார். தடை முடிகிற விடியலில் போட்டு கிளம்பாவிட்டால் டிரைவரும் ஆறு ஆட்களும் வேறு போட்டில் ஏறிவிடுவார்கள். ஏறினால் அந்த சீசன் முழுக்கத் திரும்பமாட்டார்கள். துறைமுக வழக்கம் அப்படி.

"என்னா முருகா, இதுல எம்போட்டு எஞ்சினு எது?"

எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. "பதறாத காரியம்..." என்று தொடங்கினேன்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி. எனக்கும் தெரியும்டா பழமொழி. நட்டை மாட்டு!"

மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எஞ்சினில் நாற்பது நாளாக முடியாத வேலை மறுநாள் மதியமே முடிந்துவிட்டது. மிச்சம் டீசல் பம்ப் ஒன்றுதான். அதைச் சிதம்பரத்தில் ஒரு பம்ப் கடையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டியது.

சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் கடை வாசலில் தெரு வரைக்கும் பம்புகள் வரிசையில் இருந்தன. கரையோர மெக்கானிக் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பத்தஞ்சு நாள்ல மீனுகூட குஞ்சு பொரிச்சிடுச்சு. நீங்கள்லாம் என்னாய்யா பண்ணீங்க?"

"நாங்க கழட்டிக்கிட்டு இருந்தோம்ணே" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் முறை வர இரண்டு நாள் ஆனது. மறுநாள் காலை பம்போடு துறைமுகத்தில் இறங்கியபோது தடை முடிந்து போட்டுகள் கிளம்பியிருந்தன. அக்காவின் போட்டும் என் ஷெட்டில் எஞ்சின் கிடந்த மற்ற ஆறும்தான் கட்டிக் கிடந்தன. அக்காவின் எஞ்சினில் பம்பை மாட்டி ஓட்டிக் காட்டினேன்.

"எஞ்சினு நல்லாத்தான் இருக்குது" என்றார் அக்கா. "ஓட்டத்தான் ஆளு இல்ல." திட்டியிருந்தால் தேவலை. அந்த சீசன் முழுக்க அடுத்தவர் போட்டு மீனை ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றார்.

அடுத்த தடைக்கு நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எஞ்சினுல கை வெக்காத. மொதல்ல பம்பைக் கொண்டுபோய்க் குடு. அது திரும்பி வந்தாத்தான் ஒனக்கு ஸ்பானரு" என்றார்.

இரண்டாம் நாளே பம்போடு சிதம்பரம் போனேன். கடையில் ஈ காக்கை இல்லை. கடைக்காரர் பதறி எழுந்தார். "என்னாய்யா, தடையை எடுத்துட்டானா?"

அந்த வருஷம் அக்காவின் போட்டு விடியலில் ஏழு பேரோடு போனது. என் ஷெட் தரையில் ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின்தான். தொழில் படுத்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பிரித்துப் போடுவதைத் தொடக்கம் என்று நம்பாதீர்கள். தாமதமாகக்கூடியது எதுவோ, அதை முதலில் பஸ் ஏற்றுங்கள்.