பார்த்தவர்களின் பட்டியல்

அண்ணியின் போனை முதன்முதலில் திறந்து, அவளுக்கு ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தவள் நான்தான். கட்டாரிலிருந்து அண்ணன் அனுப்பிய பொதிக்குள் அந்தப் போன் இருந்தது. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போட்டோப் பிரதி எடுக்கும் கடை ஒன்றில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களெல்லாம் என் கைக்குத்தான் வரும். கடவுச்சொல்லைக்கூட நானே வைத்தேன்.

அண்ணி எங்கள் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் நெல் விதைக்கிற சைவக் குடும்பத்துப் பெண். அண்ணன் அந்தப் பக்கம் மேசன் வேலைக்குப் போன இடத்தில் கண்டு விரும்பினான். எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்து, தாலி கட்டிக்கொண்டு எங்கள் ஊரான கீரிக்கு வந்தாள். அவள் பக்கத்திலிருந்து தகப்பன் மட்டும் வந்திருந்தார். வந்த ஆறாம் மாதம் அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டான். அவள் எங்கள் அம்மாவோடும் என்னோடும் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். வாயால் 'நீங்கள்' என்றுதான் கதைத்தேன். மனதுக்குள் 'அவள்'தான்.

எனக்கு அவள்மேல் ஒரு கோபம் இருந்தது. பேசாலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் வயது இருபத்தேழு என்று அம்மா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் தாய் குசினிப் பக்கம் போய், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியிடம் சும்மா கேட்பதுபோல என் வயதைக் கேட்டிருக்கிறார்.

"முப்பத்தொண்டு. என்னைவிட ரெண்டு வயது மூப்பு" என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு பதிலும் இல்லை. அவள் என்னைக் கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னாள். அவளைத் திட்டக்கூட முடியாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தத் தளத்தில் ஒரு புது வசதி வந்திருந்தது. எழுதுகிற இடத்துக்கு மேலே சின்னப் பெட்டி ஒன்று, இதை யார் பார்க்கலாம் என்று கேட்கும். எல்லாரும், நண்பர்கள், குறித்த ஆட்கள், நான் மட்டும். அண்ணி அதைக் கண்டு என்னிடம் வந்தாள்.

"மச்சாள், இவருக்கு மட்டும் தெரியிற மாதிரி எழுதேலுமோ?"

"போனில கதைக்கலாம்தானே அண்ணி."

"கதைக்க அவருக்கு அலுப்பு. மெசேஜ் அனுப்பினா உடன பதில் போடவேணுமெண்டு கரைச்சல்படுறார். இப்பிடி எழுதி வைச்சா ஆறுதலா வாசிப்பார்."

அண்ணனின் பெயரைத் தேடி, அவன் ஒருவன் மட்டும் பார்க்கிற மாதிரிச் செய்து கொடுத்தேன். அன்றைக்குச் சரியாகத்தான் செய்தேன்.

பேசாலைக்காரர் வந்து போன அடுத்த கிழமை அந்தத் தளம் புதுப்பிக்கப்பட்டது. திறந்தவுடன் ஆங்கிலத்தில் ஒரு நீளமான கேள்வி வந்து நின்றது. இனிமேல் நீங்கள் எழுதுவதை யாரெல்லாம் பார்க்கவேண்டும் என்பது அதன் அர்த்தம். நான் வேலைக்கு வெளிக்கிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அண்ணி போனை நீட்டினாள். 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு நேரே ஏற்கெனவே அடையாளம் விழுந்திருந்தது. அதை மாற்ற ஒரு விரல் போதும். நான் மாற்றாமல் சரி என்று அமத்தினேன்.

"முந்தின மாதிரித்தானே மச்சாள்?"

"ஓம். முந்தின மாதிரித்தான்."

தவறுதலாக அமத்திவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. என் விரல் அந்தச் சொல்லுக்கு மேலே சிறிது நேரம் நின்றது எனக்கு நல்ல ஞாபகம்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய முதலாவது இது: "உங்கட நீலச் சேட்டைத் தோய்க்காமல் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். மாமி கேட்டா தோய்ச்சிட்டன் எண்டு பொய் சொல்லுறன். மணம் குறைஞ்சுகொண்டு போகுது. நீங்கள் வரமுன்னம் முடிஞ்சுபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு."

கடையில் என்னோடு வேலை செய்த பெண்தான் முதலில் கண்டாள். "என்னடி உன்ர அண்ணி இப்பிடி எழுதியிருக்கிறா?" என்று போனைக் காட்டினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எழுதியவருக்குத் தெரியாமல் ஒரு பதிவை ஒரு குழுவுக்குள் அனுப்பிவிடுகிற வசதியும் அப்போது வந்திருந்தது. அவள் அதைத் தன் ஒன்றுவிட்ட அக்காக்களின் குழுவுக்கு அனுப்பினாள். நான் என்னோடு படித்தவர்களின் குழுவுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் கீரி முழுக்க அந்த நீலச் சேட்டின் கதையை அறிந்துவிட்டது.

ஆனால் ஒருத்தரும் விருப்பம் போடவில்லை. ஒரு சொல் பதிலாக எழுதவில்லை. எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் நிறுத்திவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊர் இதை விளங்கிக்கொண்டது. அவளிடம் நட்புக் கேட்டு மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "கேக்கிறவையை வேண்டாமெண்டு சொன்னா மரியாதையில்லைத்தானே" என்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டாள். ஊர் தன்னை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குச் சந்தோசம்.

கரையில் மீன் வாங்கப் போனால் வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் கேட்பார்: "என்ன பிள்ளை, சேட்டுத் தோய்ச்சாச்சோ?"

"ஓம் அண்ணை, தோய்ச்சிட்டன்" என்று இவளும் சிரித்துக்கொண்டு சொல்வாள். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "இந்த ஊரில ஏன் மச்சாள் எல்லாரும் தோய்க்கிறதைப் பற்றியே விசாரிக்கினம்?"

"உப்புக்காத்துத்தானே அண்ணி. துணி கெதியாப் பழுதாப்போகும். அதுதான்" என்றேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். 'மாமி கேட்டா பொய் சொல்லுறன்' என்ற இடத்தில் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அண்ணி தண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்து, அந்த நீலச் சேட்டை எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்துத் தோய்த்துக் கொடியில் போட்டார். அண்ணி குடத்தோடு வந்து அதைக் கண்டாள். குடத்தை இறக்கி வைக்காமலே நின்றாள்.

"நாறிக்கொண்டு கிடந்தது" என்றார் அம்மா.

"ஓம் மாமி" என்றாள் அண்ணி. குடத்தைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, கொடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்த சேட்டின் கழுத்துப் பக்கத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு மற்ற உடுப்புகளுக்குப் பக்கத்தில் அதைச் சரியாக இழுத்துவிட்டாள்.

அவள் இன்னொரு தரம் இப்படி எழுதினாள்: "மடு மாதாவிட்ட உங்களுக்காக நேந்திருக்கிறன். எனக்குச் செபம் முழுக்கப் பாடமில்லை. நடுவில மறந்துபோனா எங்கட ஊர்ப் பிள்ளையாரைக் கூப்பிட்டுப்போட்டுத் திரும்பவும் மாதாவிட்ட வாறன். ரெண்டு பேரும் குறை நினைக்கமாட்டினம்." அதற்கடுத்த சனிக்கிழமை கோயில் பீடத்துக்குப் பூ வைக்கப் போனவளை, ஆட்கள் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொண்டுபோன பூவோடு திரும்பி வந்தாள். காரணம் தெரியாமல் இரண்டு சனி மேலும் போய்ப் பார்த்தாள்.

இதற்கிடையில் அண்ணன் எனக்குத் தனியாகப் போன் எடுத்தான்.

"அவள் என்னவோ நெடுக எழுதுறாளாம். இஞ்ச பெடியள் வாசிச்சுப்போட்டுச் சிரிக்கிறாங்கள்" என்றான்.

"நீங்கள் பாக்கிறேல்லையோ?"

"நான் அவளை எப்பவோ புளொக் பண்ணிப்போட்டன். இஞ்ச எனக்கு வேற ஒரு ஆளோட பழக்கம். அம்மாவுக்குச் சொல்லு. அவளுக்குச் சொல்லாத."

அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பிளைதானே, அலுத்தால் திரும்பி வருவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அம்மாவின் போனுக்கு எடுக்கும்போது கடைசியில் இரண்டு நிமிடம் அண்ணிக்கும் கிடைக்கும். "எழுதினதை வாசிச்சனீங்களோ?" என்று அவள் கேட்பாள். அவன் "ஓம், ஓம்" என்பான். அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முகம் மலர்ந்துபோய் அடுப்படிக்குப் போவாள். கீரியில் எழுத்தறிந்த எல்லாரும் வாசித்த ஒன்றை, யாருக்கு எழுதினாளோ அவன் மட்டும் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படிப் பத்து மாதம் இருந்தேன்.

அதுவும் அந்தத் தளம் கொண்டுவந்த இன்னொரு வசதியால்தான் முடிந்தது. ஒருநாள் மட்டும் நின்று தானாக மறைந்துபோகிற படங்கள் வந்தன. அதைப் போடத் தெரிந்துகொள்ள அவள் என்னிடம் வரவில்லை, தானே பழகிக்கொண்டாள். தகப்பனின் வயலில் நெல் வெட்டு என்று ஒருநாள் ஊருக்குப் போனவள், வெட்டிப் போட்ட கதிர்களைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். மற்றப் பதிவுகளில் யார் பார்த்தது என்று காட்டாது. இதில் கீழே ஒரு கண் அடையாளமும் எண்ணிக்கையும் இருக்கும், அமத்தினால் பெயர்கள் வரும்.

அடுத்தநாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். பிரதி எடுக்க வந்த ஐந்தாறு பேர் நின்றார்கள். அவள் வரிசையில் கடைசியாக நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்து, போனை மேசையில் வைத்தாள்.

"மச்சாள், இதில நூறு பேருக்கு மேல இருக்கினம். சம்மாட்டி அண்ணை இருக்கிறார். மறைக்கல்வி ரீச்சர் இருக்கிறா. நீங்கள் இருக்கிறியள். உங்கட அண்ணன்ர பேர் எங்க?"

அவளுக்குப் பின்னால் மேலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற எரிச்சலில், இருந்த கதிரையிலிருந்து எழும்பாமலே சொன்னேன்.

"அண்ணன் உங்களைப் புளொக் பண்ணியிருக்கிறார். நீங்கள் எழுதுறது ஒண்டும் அவருக்குத் தெரியாது."

"எப்ப இருந்து?"

"பத்து மாதத்துக்கு மேலாச்சு."

"அப்ப வாசிக்கிறன் எண்டு சொன்னவர்?"

"சும்மா சொல்லியிருப்பார்."

"ஊரில ஆர் வாசிச்சது?"

"எல்லாரும்தான்" என்றேன்.

என் பக்கத்தில் நின்ற பெண் பிரதி இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள். அண்ணி அழுவாள், என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்தால் எனக்கும் ஏதாவது சொல்லக் கிடைத்திருக்கும். அவள் போனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "பின்னால ஆக்கள் நிக்கினம், நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, வாசலில் படுத்துக் கிடந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது, அவள் உடுப்புகளோடு தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்றார் அம்மா. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே அண்ணன் எடுத்தான். கடையில் நடந்தது அவனுக்கு எட்டியிருந்தது. அவனுடைய கவலை வேறு.

"அவள் எழுதினதெல்லாம் இன்னும் கிடக்குது. இஞ்ச இருக்கிறவ கண்டா எனக்குப் பிரச்சினை. பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும்தானே. அழி."

"அவளிட்டக் கேக்க வேண்டாமோ?"

"என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கு. அழியெண்டா அழி."

நான் வைத்த கடவுச்சொல் மாறாமல் இருந்தது. கடையில் சனமில்லாத நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தமாக அழிக்கிற வழியும் இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தால் கடைசியாக ஒருமுறை வாசிக்கலாம் என்றுதான் அப்படிச் செய்தேன். சேட்டுப் பதிவு, பிள்ளையார் பதிவு, பிள்ளை பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயர், எல்லாம் போயின.

ஒரு மாதம் கழித்து அண்ணி எனக்குப் போன் எடுத்தாள். குரலில் கோபமில்லை.

"மச்சாள், நான் எழுதினது ஒண்டையும் காணேல்ல. நீங்களோ அழிச்சது?"

"அண்ணன் சொன்னவர்."

"அவருக்குத்தான் எழுதினது. எண்டாலும் நான் வாழ்ந்தது அதுக்குள்ளதான் கிடந்தது. பிறகு ஒருக்கா இருந்து வாசிப்பம் எண்டு நினைச்சனான். ஒண்டாவது உங்களிட்ட இருக்கோ? படம் பிடிச்சு வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்."

இருந்தது. அழிப்பதற்கு முன் அத்தனையையும் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தேன். அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அனுப்பினால், நான் முழுவதையும் வாசித்தவள் மட்டுமல்ல, சேர்த்தும் வைத்தவள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஒண்டும் இல்லை அண்ணி" என்றேன்.

"சரி மச்சாள். மாமியின்ர குளிசை முடியப்போகுது. வெள்ளிக்கிழமை கிளினிக். மறந்துபோகாமல் கூட்டிக்கொண்டு போங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இன்னும் வரவில்லை. அண்ணி தன் ஊரில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள் என்று கேள்வி. எனக்கு அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் சரிவரவில்லை. ஊர் அவளுடைய கதையை ஒரு வருடத்துக்குள் மறந்துவிட்டது. படங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. போன் மாற்றிய இரண்டு தடவையும் பழையதிலிருந்து புதியதற்கு அவற்றை நானே மாற்றினேன். சில மத்தியானங்களில், கடையில் வேலையில்லாதபோது, எடுத்து வாசிக்கிறேன். எனக்கு ஒருவரும் அப்படி ஒரு வரி எழுதியதில்லை.