மோட்டாரைத் திட்டிய அலை

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணி மோட்டாரை யாராவது திட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "உனக்கெல்லாம் அறிவிருக்கா? டேங்க் ரொம்புனது தெரியாதா?" என்று மோட்டாரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். பாவம், அது என்ன செய்யும்? சுவிட்சை நிறுத்த மறந்தவர் அவர்.

சிரிக்காதீர்கள். இதில் பெரிய இயற்பியல் இருக்கிறது. அது எனக்கே அன்று மத்தியானம்தான் தெரிந்தது.

முதலில் எஸ்தரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். முடித்தவள். கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும், டீச்சர் வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். அந்தக் 'கிடைக்கும்வரை' வருஷக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடித் தேடி, "படிச்சதெல்லாம் மறந்துட்டே வருதுக்கா" என்று ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

அப்புறம்தான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். பாடம் — அலைகளின் வகைகள். பிரின்சிபால் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை.

"இதுவும் இல்லன்னா சர்டிபிகேட்டை எல்லாம் பரண்ல போட்டுருவேன்க்கா. இனிமே அலைய மாட்டேன்" என்றாள். சும்மா சொல்கிற குரல் இல்லை அது.

முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஹாலில் ஒத்திகை. மாணவர்கள் — நானும் எங்கள் வீட்டுக்காரரும். ஜட்டி இடுப்பில் வைத்துத் தைப்பார்களே எலாஸ்டிக், அதில் வேஸ்ட் துண்டு ஒன்று கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறினாள். நெளிவு ஒன்று ஜன்னல்வரை ஓடியது.

"இது குறுக்கலை. எலாஸ்டிக் மேலயும் கீழயும் ஆடுது, அலை நேரா ஜன்னலுக்குப் போகுது."

அப்புறம் அதையே நீளவாக்கில் வெடுக்கென்று இழுத்து விட்டாள். "இது நெட்டலை. அலை போற திசையிலயே முன்னும் பின்னும் ஆடுது. சத்தம் காத்துல இப்படித்தான் வரும்."

எங்கள் வீட்டுக்காரர் கையைத் தூக்கி, "டீச்சர், பாத்ரூம் போகோணுமுங்க" என்றார். அவர் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

"அலைன்னா என்னன்னு பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைக்கன்னு யோசிச்சேன்க்கா. நம்ம கம்பெனி லைன் மாதிரின்னு சொல்லப் போறேன். ஒரு மிஷின்ல கை தைச்சு, அடுத்த மிஷின்ல கழுத்து தைச்சு, பீஸ் கைமாறிக் கைமாறிக் கடைசி வரைக்கும் போகுதுல்லா... அது மாதிரி."

"அட, பிரமாதம்!" என்று கை தட்டினேன். பிசிக்ஸில் நான் எடுத்த மார்க்கை இங்கே எழுதுவதாக இல்லை.

விடிந்தது. எஸ்தருக்கு சூப்பர்வைசரிடமிருந்து போன். ஷிப்மென்ட் நேரத்தில் லீவா என்று ஒரே கத்தல். மாடியிலிருந்து எனக்கே கேட்டது. முகம் சிவந்து இறங்கி வந்தவளிடம், "ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போ கண்ணு" என்றேன். "வேண்டாம்னா விடுங்கக்கா!" என்று வெடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய், "டேங்க் ரொம்பி வழியுதுங்க, எத்தனை தடவை சொல்றது!" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். அவர் வாசலுக்குப் போனார்... மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எஸ்தரை என் ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போனேன். வழியில் "சாரிக்கா" என்றாள். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். வகுப்பு ஜன்னல் திறந்திருந்தது. நானும் காதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் தொடங்கினாள். லைன், மிஷின், கைமாறும் பீஸ் — பிள்ளைகள் தலையாட்டினார்கள். தாயோ தகப்பனோ லைனில் உட்காராத வீடு இந்தப் பக்கம் எத்தனை? பிறகு எலாஸ்டிக்கை எடுத்தாள். பின்னால் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று நடுவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருந்தாள். உதறினாள். அலை ஓடியது.

ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், அந்தச் செவப்பு நூலு கட்டுன எடத்துலயேதானுங்க குதிக்குது? பீஸ் மாதிரி அந்தக் கடைசிக்கு நகந்து போகலீங்களே?"

எனக்குத் திக்கென்றது. நேற்றுக் கை தட்டியவள் நானல்லவா!

எஸ்தர் நூலைப் பார்த்தாள். பின் பெஞ்சில் பிரின்சிபால் பேனாவை எடுத்தார். 'அப்புறம் சொல்றேன், உக்காரு' என்று சமாளித்திருக்கலாம். நாமெல்லாம் அப்படி உட்கார வைக்கப்பட்டவர்கள்தானே? 'சமாளிச்சிரு கண்ணு' என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீ சொல்றதுதான் சரி" என்றாள் எஸ்தர். "நான் சொன்ன உதாரணம் தப்பு. லைன்ல பீஸ் நகந்து போகுது. அலையில எதுவும் அப்படிப் போகாது. எல்லாம் இருந்த இடத்துலயே ஆடும். ஆட்டம் மட்டுந்தான் போகும்." எலாஸ்டிக்கை மேஜைமேல் வைத்தாள். "சரி... ஆளும் நகராம, பீஸும் நகராம, லைன்ல அப்படி எது போகும்?"

திடீரென்று அவளே சிரித்துவிட்டாள்.

"திட்டு!"

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரைத் திட்டுகிறார். அவர் மேனேஜரை. மேனேஜர் சூப்பர்வைசரை. சூப்பர்வைசர் டெய்லரை. "யாராவது சீட்டை விட்டு எந்திரிச்சாங்களா? இல்ல. ஆனா திட்டு கடைசி வரைக்கும் வந்துருச்சா இல்லையா?"

"டீச்சர், எங்கம்மா ஊட்டுக்கு வந்து என்னையத் திட்டுமுங்க!" என்றான் ஒருவன்.

"எனக்குமுங்க!" "நான் எந்தம்பியத் திட்டுவனுங்க!" வகுப்பில் பாதிக் கைகள் மேலே. ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கோ கடல் தாண்டி யாருக்கோ வந்த கோபம், இந்தப் பிள்ளைகளின் சோற்றுத் தட்டுவரை அல்லவா வந்து சேர்கிறது? நினைக்கவே வலித்தது.

எஸ்தர் விடவில்லை. "ஒருத்தர் அடுத்தவரைத் தள்ளுற திசையிலயே திட்டும் போகுது. இது எந்த வகை?"

"நெட்டலைங்க!"

"பையர் நேர்ல வந்துட்டா? அவரு நடக்க நடக்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உக்காருவாங்க. மேல, கீழ..."

"குறுக்கலைங்க!"

"லீவு நாள்ல, ஆளே இல்லாத கம்பெனியில திட்டு போகுமா? போகாது. நடுவுல ஊடகம் வேணும். அது இயந்திர அலை. ஆனா இன்னைக்குக் காலையில அருள்புரத்துல இருந்து ஒருத்தர் என்னைத் திட்டினாரு. வழியில ஒரு ஆள் கிடையாது. எப்படி வந்துச்சு?"

"செல்போன் சிக்னலுங்க!"

"அது மின்காந்த அலை. அதுக்கு ஊடகமே வேண்டாம். ஒண்ணுமில்லாத வெட்டவெளியிலயும் வரும்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசர், எஸ்தர், நான், எங்கள் வீட்டுக்காரர்... கடைசியில் மோட்டார். நாங்கள்தான் அந்த ஊடகம்! அந்த சூப்பர்வைசரும் பாவம் நல்ல மனுஷன்தான். அவருக்கு மேலே யார் கத்தினார்களோ.

ரெட்டைச் சடை மறுபடி எழுந்தது. "டீச்சர், அந்தத் திட்டு எங்கதானுங்க நிக்கும்?"

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வெளியே வந்த பிரின்சிபால் கேட்டார், "பசங்க முன்னாடி தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே, ஏனுங்க? சமாளிச்சிருக்கலாமே?"

"சமாளிச்சிருந்தா அந்தப் பிள்ள இனிமே கேள்வியே கேக்காது மேடம்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார். வழியெல்லாம் எஸ்தர் அந்த எலாஸ்டிக்கைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பரணில் இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. வேலை! மாடியில் அவள் குதித்த குதியில் என் சமையலறையில் டம்ளர் ஆடியது. அது எந்த வகை அலை என்று கேட்காதீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

இது முடிவு என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை எஸ்தர் இன்னொன்று சொன்னாள். வகுப்பில் சத்தம் அதிகம் என்று பிரின்சிபால் அவளை வாசலில் நிறுத்தி வைத்துக் கடிந்துகொண்டாராம். பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அவள் உள்ளே நுழைந்தபோது வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். அடுத்தது தங்களுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியாதா?

ரெட்டைச் சடைதான் மெல்ல எழுந்து கேட்டதாம், "டீச்சர்... எங்க நிக்குமுன்னு அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

எஸ்தர் தன் நெஞ்சைத் தொட்டு, "இங்கதான்" என்றாளாம். புத்தகத்தைத் திறந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டாளாம்.

அன்று சாயங்காலமும் டேங்க் நிரம்பி வழிந்தது. மோட்டாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.