என் வலது கண்ணும் இன்னும் பிறக்காத மெஷின்களும்

முதல் அறிகுறியை நான் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். வெள்ளை மெஷின் ஒன்றின் பக்கவாட்டில் ஒரு கருப்பு நூல் கிடந்தது. துணியால் திரையைத் துடைத்தேன், போகவில்லை. படத்தில் ஏதோ தப்பு என்று மெஷினின் வரைபடத்தைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன். பிறகு சுவரைப் பார்த்தேன். நூல் சுவரிலும் இருந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி மெஷின் செய்யும் கம்பெனிக்காரர்கள், மெஷினைச் செய்வதற்கு முன்னால் அதன் வரைபடத்தை எனக்கு அனுப்புவார்கள். நான் அதற்குத் தோல் போர்த்தி, வெளிச்சம் விழவைத்து, போட்டோ எடுத்தது போலவே ஆக்கிக் கொடுப்பேன். ரெண்டரிங் என்பார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் கை வேலையைப் பிடுங்கியபோது மற்றவர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள், நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். இன்று கோயம்புத்தூர் கம்பெனி எங்கள் ஊர் திருக்கோகர்ணத்துக்குத் தேடி வருகிறதென்றால் சும்மா வரவில்லை. பெருமைதான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஒரு நூல் பல நூலாகி, புகையாகி, அவர் முகத்தை மூடிவிட்டது. பக்கத்திலிருந்த என் மனைவி செசிலியின் கையைப் பிடித்தேன். சாமியார் முகம் தெரியவில்லை என்றேன். பூசை முடியும்வரை காத்திராமல் அவள் என்னை வெளியே கூட்டிவந்தாள்.

என் இடக்கண்ணில் சிறுவயதிலிருந்தே உருவம் மட்டும்தான் தெரியும். தொழில், சோறு எல்லாம் வலக்கண் போட்டது. அது போனால் நான் பழையபடி யாருமில்லாதவன்.

திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயது. ஸ்லிட் லாம்ப் (கண்ணுக்குள் மெல்லிய வெளிச்சக் கீற்றை விட்டுப் பார்க்கும் கருவி) முன்னால் உட்காரவைத்து, தாடையை வைக்கச் சொன்னார். எனக்குக் கருவி தெரியவில்லை. கையால் தடவினேன். தாடைத் தாங்கி, பக்கத்துத் திருகு, கைப்பிடி. இதே மாதிரி ஒன்றுக்குத் திருகு திருகாக நான் படம் செய்திருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன்.

“அதுக்காக ஒங்களுக்குத் தனிச் சலுகையெல்லாம் கெடையாது ஐயா. கைய எடுங்க, ஆடாம இருங்க” என்றார்.

பார்த்து முடித்துவிட்டு விளக்கினார். விட்ரியஸ் ஹெமரேஜ் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழில் ரத்தம் கசிவது). சர்க்கரை நோயால் விழித்திரையில் (கண்ணுக்குப் பின்சுவர், காட்சி விழுகிற இடம்) நோஞ்சான் ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, அதில் ஒன்று உடைந்திருக்கிறது. பார்வை வருமா என்று கேட்டேன்.

“ரத்தம் தானா வடிஞ்சா வரும். வடியலைன்னா ஆபரேஷன். இன்னைக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்.”

கண்ணில் ஊசி போட்டார்கள். இதைப் படிக்கிற உங்களுக்கும் அந்த ஊசி எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். அழுத்துவது போல்தான் இருக்கும். வீட்டில் தலையணையை உயர்த்திப் படுத்து, ரத்தம் கீழே தங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் கோயம்புத்தூர் வேலை பாதியில் நின்றது. பிறந்த குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் வார்மர். மெஷினே இன்னும் செய்யவில்லை, என் படத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரிகளில் பேச வேண்டும். மேனேஜர் போன் செய்து, வேலையைச் சென்னைப் பையன்களிடம் கொடுத்துவிடட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் முடித்துத் தருகிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

செசிலியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். அவளுக்கு என் வேலை, இல்லாத சாமானுக்குப் போட்டோ பிடிக்கிற வேலை. விசைகள் என் விரலுக்குத் தெரியும், கண் அவளுடையது.

“வெள்ளை எப்படி இருக்கு?”

“வெள்ளையாத்தேன் இருக்கு.”

“எந்த வெள்ளை, அதச் சொல்லு.”

“சுண்ணாம்பு அடிச்ச சுவரு.”

பளபளப்பை ஏற்றினேன். பீங்கான் தட்டு என்றாள். கொஞ்சம் இறக்கினேன். நாற்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவிச்ச முட்டையத் தோலுரிச்ச மாதிரி இருக்குங்க.”

அதுதான். மெஷின் பிளாஸ்டிக்கின் வெள்ளை சரியாக அதுதான். அடுத்து மெத்தையைக் காட்டினேன். “இது நகைக்கடைப் பெட்டியாட்டம்ல இருக்கு. எந்த ஆத்தா இதுல புள்ளையப் போடுவா?” என்றாள். விரிப்பில் ஒரு சுருக்கம் வைத்தேன். ஓரத்தில் விரல் பட்ட தடம் ஒன்று வைத்தேன். இப்போது போடலாம் என்றாள்.

படம் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி முதலாளியே பேசினார். படத்தை நிஜப் போட்டோ என்று நினைத்து, நம் வார்மரை எந்த ஆஸ்பத்திரிக்கு அதற்குள் அனுப்பினீர்கள் என்று தன் ஆட்களைச் சத்தம் போட்டாராம். கண் தெரியாத நிலையில் ஒரு முதலாளியின் கண்ணையே நம்பவைத்தேன். அன்று நான் சாப்பிட்ட சாப்பாடு தனி ருசி.

ரெண்டர் ஆகும்போது முதலில் திரை முழுக்க மணலை அள்ளி எறிந்தது போல் இருக்கும். மெல்ல மெல்லத்தான் தெளியும். அவசரப்பட்டு நடுவில் கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து. என் கண்ணும் அப்படித்தான் தெளிந்தது. ஒரு காலை ஜன்னல் கம்பி தெரிந்தது. பிறகு கம்பிக்கு வெளியே கொடியில் காய்ந்த என் சட்டை தெரிந்தது. இன்னொரு நாள் அதன் பொத்தான்.

தெளிந்தபின் லேசர் (வெளிச்சத்தால் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு, புதுக்குழாய் முளைக்காமல் தடுப்பது). நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரப்பார்வையில் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாம் முடிந்து ஒருநாள் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தின வரிவரை நிறுத்தாமல் படித்தேன். பஸ்ஸில் எழுத்து எழுதியவனுக்கு எழுத்து காட்டுகிறீர்களே என்றேன். அவர் சிரித்தார். ஆறு மாதமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இடையில் சிரித்திருக்கலாம், என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது பாதிப் பார்வையைக் கழுத்து பார்க்கிறது. ரோட்டைக் கடக்க முழுத்தலையையும் திருப்ப வேண்டும். அந்தி சாய்ந்தால் ஓரங்கள் இருளும். ஒரு மெஷினை முன்போல் ஒரே பார்வையில் அள்ள முடிவதில்லை. ஒரு மூலையில் ஏறி, ஒவ்வொரு இடமாக நின்று, மறு மூலையில் இறங்குகிறேன். சும்மா சொல்லவில்லை, முன்பைவிட இப்போது செய்கிற படம் நன்றாக இருக்கிறது.

போன வாரம் மேனேஜர் புதிதாக ஒரு மெஷினுக்கு வரைபடம் அனுப்பி, எப்போது கிடைக்கும் என்று கேட்டார். முன்பெல்லாம் அவர் கேட்டு முடிப்பதற்குள் நாளைக்கே என்று சொல்லிவிடுவேன்.

“நான் பாத்து முடிக்கிறப்ப” என்றேன்.

அவர் நாள் கேட்டு வற்புறுத்தவில்லை. சரிங்க ஐயா, பார்த்து முடியுங்கள் என்றார்.